கஞ்சாவும் காவலர்களும்

பன்றியின் மூளையிலிருந்து ஆனந்தத்தைப் பிரித்தெடுத்தார்கள் என்று நான் சொன்னால், வாசகர்களில் பாதிப் பேர் இது ஏதோ வேதாந்த விசாரம் என்று எண்ணி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். மற்றப் பாதிப் பேர் இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று கவலைப்படுவார்கள். இரண்டும் வேண்டாம். நடந்தது இதுதான்: 1992-ஆம் வருஷம் ஜெருசலம் நகரத்து ஹீப்ரூ சர்வகலாசாலையில் ரசாயன ஆராய்ச்சியாளர்கள் சிலர் பன்றி மூளைகளை அரைத்து, வடித்து, மறுபடியும் வடித்து, கடைசியில் கொழுப்பைப் போன்ற ஒரு பொருளை மிகச் சொற்ப அளவில் பிரித்தெடுத்தார்கள். கஞ்சா உடம்புக்குள் போய் எந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு தன் வேலையைக் காட்டுகிறதோ, அதே இடத்தில் ஒட்டிக்கொள்ளும் பொருள் அது. பன்றி கஞ்சா குடிப்பதில்லை. அதன் உடம்பே அந்தப் பொருளைத் தயாரித்துக்கொண்டிருந்தது. நம் உடம்பும் தயாரிக்கிறது. இதற்கு என்ன பெயர் வைப்பது என்ற யோசனை வந்தபோது அவர்கள் சமஸ்கிருதத்தை நாடினார்கள். 'ஆனந்தமைடு' என்று நாமகரணம் செய்தார்கள். நம்முடைய 'ஆனந்த'மேதான். ஹீப்ரூவில் சந்தோஷத்துக்கு அதிகம் சொற்கள் கிடையாது என்று அந்தக் குழுவின் தலைவர் வேடிக்கையாகச் சொல்வாராம்.

இந்த ஆனந்தம் மூளையோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியிராது. அது தோலிலும் இருக்கிறது. இரத்தத்தில் காவல் காக்கும் வெள்ளை அணுக்களிடமும் அதற்குச் செல்வாக்கு இருக்கிறது. தோலில் புற்றுநோய் முளைக்கும்போது அந்தச் செல்வாக்கு நோயாளிக்கு உதவுகிறதா, நோய்க்கு உதவுகிறதா? இதுதான் வழக்கு. "கஞ்சா எண்ணெய் புற்றைக் கரைத்துவிடுமாமே?" என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இருவரும் நன்றாகப் படித்தவர்கள். ஒருவருடைய வீட்டில் நோயாளி இருந்தார். ஆகவே இதன் பூர்வ கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லலாம் என்று தோன்றியது.

கதை நம் நாட்டில்தான் ஆரம்பமாகிறது. வில்லியம் புரூக் ஓஷானெஸி என்று ஓர் ஐரிஷ்காரர். 1833-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியராகக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். அப்போது வயது இருபத்து நாலு. புதிதாகத் தொடங்கிய கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயன ஆசிரியரானார். ஊரில் பக்கீர்களும் சாதுக்களும் குடிக்கிற கஞ்சாவைக் கண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போகாமல், இதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கத் துணிந்த வெள்ளைக்காரர் அவர். பண்டிதர்களையும் ஹகீம்களையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு சோதனையைத் தொடங்கினார். நடுத்தர அளவுள்ள நாய் ஒன்றுக்கு நேபாளத்துச் சரஸைச் சாராயத்தில் கரைத்துக் கொடுத்தார். நாய் தூங்கி விழுந்தது. இடையிடையே திடுக்கிட்டு எழுந்து பரம திருப்தியோடு வாலை ஆட்டியது. கொடுத்த சோற்றை ஆவலாகத் தின்றது. பூனை, மீன், கழுகு, காக்கை என்று பிறவற்றுக்கும் கொடுத்துப் பார்த்தார். மாமிசம் தின்னும் பிராணிகள் மயங்குகின்றன, புல் தின்னும் பிராணிகளுக்கு அவ்வளவாக ஒன்றும் ஆவதில்லை என்று எழுதி வைத்தார். பிறகு மனிதர்கள்: வாத நோயாளிகள், காலராக்காரர்கள், வலிப்புக் கண்ட ஒரு கைக்குழந்தை. 1839-இல் இதையெல்லாம் கட்டுரையாக வெளியிட்டார். ஐரோப்பிய வைத்திய நூல்களில் கஞ்சா ஏறியது அதற்குப் பின்புதான். அப்புறம் மனுஷர் இதை விட்டுவிட்டு இந்தியா முழுவதும் தந்திக் கம்பி போடும் வேலையில் இறங்கி, 1856-இல் 'சர்' பட்டம் வாங்கிக்கொண்டார். கஞ்சாவுக்காக யாரும் பட்டம் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்தச் செடி விஞ்ஞானிகளை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. அபினியிலிருந்து மார்பினையும், கோக்கா இலையிலிருந்து கோக்கேனையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உப்புக் கல் மாதிரி பளபளவென்று எடுத்து வைத்துவிட்டார்கள். அவை படிகமாக உறையும் ஜாதி. கஞ்சாவின் சாரமோ பிசின், எண்ணெய்ப் பிசுக்கு, ஒன்றைப் போலவே இன்னொன்றாகப் பல பொருள்கள் பின்னிக் கிடக்கும். கேம்பிரிட்ஜில் மூன்று பேர் 1890-களில் ஒரு பொருளைப் பிரித்துக் 'கன்னாபினால்' என்று பெயரிட்டார்கள். மயக்கத்தைத் தருவது அதுவே என்று எண்ணினார்கள். அது அல்ல என்று பின்னால் தெரிந்தது.

முடிச்சை அவிழ்த்தவர் ரபேல் மெக்கூலம். 1930-இல் பல்கேரியாவின் சோபியா நகரத்தில் பிறந்த யூதர். தகப்பனார் வைத்தியர், யுத்த காலத்தில் நாஜிச் சித்திரவதை முகாமிலிருந்து உயிர் தப்பி வந்தவர். 1949-இல் குடும்பம் இஸ்ரேலுக்குக் குடியேறியது. மெக்கூலம் ரெஹோவோத் என்னும் ஊரில் வைஸ்மன் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். கஞ்சாவை ஆராய வேண்டும். சரக்குக்கு எங்கே போவது? ஆராய்ச்சிக்கூட நிர்வாகி தமக்குத் தெரிந்த போலீஸ் அதிகாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஆள் நம்பத் தகுந்தவர்தானா?" என்று மறுமுனையிலிருந்து கேள்வி வந்தது. "நம்பலாம்" என்றார் நிர்வாகி. அவ்வளவுதான். லெபனானிலிருந்து கடத்தி வரும்போது பிடிபட்ட ஹஷீஷில் 5 கிலோவை மெக்கூலம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு டெல் அவீவிலிருந்து பஸ் ஏறினார். பஸ்ஸில் இருந்தவர்கள் மூக்கை உறிஞ்சி, "இது என்ன வாசனை?" என்று பேசிக்கொண்டார்களாம். சட்டப்படி சுகாதார மந்திரி காரியாலயத்தின் அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்பது அப்புறம்தான் அவருக்கும் தெரிந்தது, போலீசுக்கும் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டதோடு விவகாரம் தீர்ந்தது.

1964-இல் மெக்கூலமும் அவருடைய சகாவான கவோனியும் டெட்ரா ஹைட்ரோ கன்னாபினால் என்ற பொருளைப் பிரித்து, அதன் அமைப்பையும் வெளியிட்டார்கள். வாய் நிறைய இருக்கும் இந்தப் பெயரை டி.எச்.சி. என்று சுருக்கிக்கொள்வோம். அது தானா என்று நிச்சயப்படுத்திக்கொள்ள மெக்கூலத்தின் மனைவி தாலியா அம்மையார் கேக் செய்தார். பத்து நண்பர்கள் வந்தார்கள். ஐந்து துண்டுகளில் 10 மில்லிகிராம் மருந்து, ஐந்தில் இல்லை. மருந்து தின்றவர்களில் ஒருவர் கனவு லோகத்துக்குப் போனார். ஒருவர் வாய் ஓயாமல் பேசினார். இன்னொருவர், "எனக்கு ஒன்றுமே ஆகவில்லை" என்று சொல்லிவிட்டு அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் கடகடவென்று சிரித்தார். ஒருவருக்கு மட்டும் பயம் பிடித்துக்கொண்டது. நாவலாசிரியர்கள் பல அத்தியாயம் எழுதிச் சாதிக்கும் குணசித்திர வேற்றுமையை அந்த அம்மாள் ஒரு கேக்கில் சாதித்துவிட்டாள்!

இனி 'பூட்டு' விஷயத்துக்கு வருவோம். உடம்பில் உள்ள ஒவ்வோர் உயிரணுவின் மேற்புறத்திலும் நுண்ணிய பூட்டுகள் உண்டு. விஞ்ஞானிகள் ரிசெப்டர் என்கிறார்கள். சரியான சாவி வந்து விழுந்தால் அணுவுக்குள் ஒரு காரியம் நடக்கும். டி.எச்.சி. என்பது சாவி என்றால் அதற்கு ஒரு பூட்டு எங்கோ இருக்க வேண்டும். 1988-இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் சர்வகலாசாலையில் ஆலின் ஹவ்லெட் என்ற அம்மையாரும் அவருடைய மாணவர் வில்லியம் டெவேனும் எலி மூளையில் அந்தப் பூட்டு இருப்பதை நிரூபித்தார்கள். டெவேன் அதோடு ஓயவில்லை. 'பூட்டு இருக்கிறது, பகவான் அதைக் கஞ்சாச் செடிக்காகவா படைத்திருப்பார்? உடம்புக்குள்ளேயே ஒரு சாவி இருக்க வேண்டுமே' என்று ஜெருசலத்துக்குப் போய் மெக்கூலத்தோடு சேர்ந்தார். முதலில் சொன்ன பன்றி மூளை ஆனந்தம் அப்படி அகப்பட்டதுதான்.

மறு வருஷம், 1993-இல், கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு செய்தி வந்தது. இரத்தப் புற்று அணுக்களில் தேடிக்கொண்டிருந்த ஷான் மன்ரோவும் அவருடைய தோழர்களும் இரண்டாவது பூட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். முதல் பூட்டு மூளையில் மலிந்திருப்பது. இரண்டாவதோ மண்ணீரலில், நோய்க் கிருமிகளை விழுங்கும் அணுக்களிடம் இருந்தது. அதாவது உடம்பின் காவல் படையிடம். முதல் பூட்டைத் திறந்தால் போதை. இரண்டாவதைத் திறந்தால் போதை ஏதும் இல்லை. காவலர்களின் கை தளர்கிறது.

கை தளர்வது கெட்டதுதான் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. திருடனைப் பிடிக்க வந்த போலீஸ் திருடன் அகப்பட்ட பிறகும் தடியை வீசிக்கொண்டே இருந்தால் தெருவில் உள்ளவர் மண்டைதான் உடையும். சில வியாதிகள் அப்படிப்பட்டவை. உடம்பைக் காக்க வந்த படை உடம்பையே தாக்கும். "போதும், இறங்கு" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். இரண்டாவது பூட்டு அப்படிப்பட்ட ஆள்.

இனி தோலுக்கு வருவோம். தோல் என்றால் உடம்பைப் போர்த்திய துணி என்று நாம் நினைக்கிறோம். 1868-இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற வைத்திய மாணவர் தோலின் மேலடுக்கில் கிளை கிளையாகக் கை நீட்டிக்கொண்டிருக்கும் அணுக்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். நரம்பு என்று எண்ணிக்கொண்டார். அவை கோட்டை வாசல் ஒற்றர்கள் என்று உலகத்துக்குத் தெரிய இன்னும் நூறு வருஷம் ஆயிற்று. வெளியிலிருந்து வருவதைப் பிடித்துக்கொண்டு போய் உள்ளே இருக்கும் படைக்குக் காட்டுவது அவற்றின் தொழில்.

அந்த ஒற்றர்களை வெயில் ஊமையாக்கிவிடும் என்று காட்டியவர் மார்கரெட் கிரிப்கி என்ற அமெரிக்க அம்மையார். 1970-களில் அவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தமான ஒன்று. துப்பறியும் கதை போல இருக்கும். சுண்டெலிகளின் மேல் மாதக் கணக்கில் புற ஊதாக் கிரணத்தைப் பாய்ச்சினார். தோலில் புற்றுக் கட்டிகள் வந்தன. அந்தக் கட்டியை எடுத்து, அதே வம்சத்தைச் சேர்ந்த ஆரோக்கியமான எலிக்கு ஒட்டினார். அந்த எலியின் உடம்பு கட்டியை அன்னியன் என்று அடையாளம் கண்டு அழித்துவிட்டது. அப்படியானால் முதல் எலியின் உடம்பு மட்டும் ஏன் சும்மா இருந்தது? வேறு சில எலிகளுக்குக் கட்டி வராத அளவுக்குச் சிறிது காலம் மட்டும் கிரணத்தைக் காட்டி, அவற்றுக்கு ஒட்டினார். கட்டி சுகமாக வளர்ந்தது. வெயில் இரண்டு குற்றம் செய்கிறது: திருடனையும் உண்டாக்குகிறது, காவலனையும் தூங்க வைக்கிறது. சிறுநீரகம் மாற்றி வைத்துக்கொண்டு, உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க மருந்து சாப்பிடும் வெள்ளைக்காரர்களுக்குத் தோல் புற்று மற்றவர்களைவிடப் பல பத்து மடங்கு அதிகம் வருவதும் இதே காரணம் பற்றித்தான்.

நம் போன்ற கறுத்த தோலுக்கு வெயிலிலிருந்து ஒரு குடை இயற்கையாகவே அமைந்திருக்கிறது. ஆனால் தோல் புற்றில் மிகப் பொல்லாததான மெலனோமா நம்மை அறவே விட்டுவிடும் என்று எண்ண வேண்டாம். கறுத்தவர்களுக்கு அது பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வரும்: உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தின் அடியில். பாப் மார்லிக்கு அப்படித்தான் வந்தது.

மார்லியின் பாட்டைக் கேட்காதவர்கள்கூட அவருடைய சடை முடியைச் சட்டையில் அச்சடித்துப் பார்த்திருப்பார்கள். 1945-இல் ஜமேக்காவில் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தவர். ரஸ்தபாரி மதத்தைத் தழுவியவர். அந்த மதத்தில் கஞ்சா பிரசாதம் மாதிரி. இதிலும் நமக்கு ஓர் உறவு உண்டு. 1845 மே மாதம் முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாக ஜமேக்காக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு போனார்கள். அவர்கள் பேச்சிலிருந்த 'கஞ்சா' என்ற சொல் அந்தத் தீவில் அப்படியே தங்கிவிட்டது. இன்றும் அங்கே அதற்கு அதுதான் பெயர்.

1977-இல் மார்லியின் கால் கட்டைவிரல் நகத்தடியில் இருந்த புண் மெலனோமா என்று வைத்தியர்கள் சொன்னார்கள். விரலை எடுத்துவிடலாம் என்றார்கள். உடம்பை வெட்டுவது தம் மதத்துக்கு ஒவ்வாது என்று அவர் மறுத்தார். நகத்தையும் அதன் அடித்தசையையும் மட்டும் எடுத்து, தொடைத் தோலை வைத்துத் தைத்தார்கள். 1980 செப்டம்பரில் நியூயார்க் ஸென்ட்ரல் பார்க்கில் ஓடிக்கொண்டிருந்தவர் சுருண்டு விழுந்தார். புற்று மூளைக்குப் போயிருந்தது. இரண்டு நாள் கழித்துப் பிட்ஸ்பர்க்கில் ஒரு கச்சேரி செய்தார், அதுதான் கடைசி. பிறகு ஜெர்மனியில் ஒரு வைத்தியரிடம் மாதக் கணக்கில் சிகிச்சை. ஊருக்குத் திரும்பும் வழியில், 1981 மே 11-ஆம் தேதி மியாமியில் காலமானார். வயது முப்பத்தாறு.

இதைக் கொண்டு, 'பார், வாழ்நாளெல்லாம் கஞ்சா குடித்தவனைக் கஞ்சா காப்பாற்றவில்லை' என்று ஒரு கட்சி பேசலாம். 'கஞ்சாதான் அவனைக் கொன்றது' என்று இன்னொரு கட்சி பேசலாம். ஒரு மனிதனை வைத்து இரண்டில் எதையும் நிரூபிக்க முடியாது. விரலை வெட்டிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்பதுகூட நிச்சயம் இல்லை. ஆனாலும் இந்த விஷயத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மார்லியின் கட்டைவிரல் ஞாபகத்துக்கு வராமல் இருப்பதில்லை.

கஞ்சா, காவல் படையின் கையைத் தளர்த்துகிறதா என்ற கேள்வி பூட்டுகள் அகப்படுவதற்கு முன்பே எழுந்துவிட்டது. 1974-இல் நியூயார்க்கில் கேப்ரியல் நஹாஸ் என்ற வைத்தியர், கஞ்சா குடிப்பவர்களின் வெள்ளை அணுக்கள் சோர்ந்து கிடக்கின்றன என்று அமெரிக்காவின் பிரபலமான 'சயன்ஸ்' பத்திரிகையில் எழுதினார். அதே வருஷம் அதே பத்திரிகையில் கலிபோர்னியாக்காரர்கள் இருவர், கஞ்சா குடிப்பவர்களின் தோலில் ஒரு ரசாயனத்தைத் தடவிப் பார்த்தோம், தோல் மற்றவர்களுடையதைப் போலவே தடித்துச் சிவக்கிறது, எதிர்ப்பு சக்தி சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதினார்கள். 1975-இல் வர்ஜீனியாவிலிருந்து மூன்றாவது குரல்: டி.எச்.சி. கொடுத்த சுண்டெலிகளில் நுரையீரல் புற்றின் வளர்ச்சி மட்டுப்பட்டது என்று. அமெரிக்க சர்க்கார் அப்போது கஞ்சாவின் மேல் யுத்தம் தொடுத்திருந்த காலம். அவரவர் தங்களுக்குப் பிடித்த கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிட்டார்கள். அந்த வழக்கம் இன்னும் போகவில்லை.

பூட்டுகள் கிடைத்த பிறகு, அவற்றை இல்லாமலே செய்த சுண்டெலிகளை உண்டாக்கும் வித்தையும் கைவந்தது. இரண்டு பூட்டும் இல்லாத அப்படிப்பட்ட எலிகளை ஜெர்மனியில் பான் சர்வகலாசாலையில் வளர்த்தார்கள். அடையாளத்துக்காகக் காதில் சின்ன உலோகக் கடுக்கன் போடுவது வழக்கம். மற்ற எலிகள் கடுக்கனோடு சும்மா திரிந்தன. இந்த எலிகளுக்கு மட்டும் காது புண்ணாகிப் போயிற்று. கடுக்கனில் நிக்கல் இருந்தது. நம் வீட்டுப் பெண்களில் சிலருக்குக் கவரிங் நகை போட்டால் கழுத்து அரிக்கிறதே, அதே வியாதி! ஆனந்தத்தின் பூட்டு இல்லாததால் தோலில் உள்ள காவல் படைக்குக் 'போதும்' என்று சொல்ல ஆள் இல்லை என்று 2007-இல் எழுதினார்கள். ஒரு பெரிய உண்மை கடுக்கனிலிருந்து கிடைத்தது.

அப்படியானால் பூட்டு இல்லாத எலிக்கு வெயில் பட்டால் அழற்சி இன்னும் அதிகமாகி, புற்றும் அதிகமாக வரவேண்டும் அல்லவா? அடுத்த வருஷமே மின்னசோட்டாவில் ஹார்மல் ஆராய்ச்சிக் கூடத்தில் பார்த்தார்கள். நேர்மாறாக இருந்தது. பூட்டு இல்லாத எலிகளுக்குப் புற ஊதாக் கிரணத்தால் அழற்சியும் குறைவு, தோல் புற்றும் வெகு குறைவு. கிரணமே அந்தப் பூட்டுகளை உசுப்பிவிடுகிறது, அவை இருந்தால்தான் புற்று தலையெடுக்கிறது என்று சொன்னார்கள். நிக்கலுக்கு ஒரு நியாயம், வெயிலுக்கு ஒரு நியாயம்! நான் கதை எழுதுகிறவன். என் பாத்திரம் ஒரு அத்தியாயத்தில் நல்லவனாகவும் அடுத்ததில் கெட்டவனாகவும் நடந்தால் வாசகர்கள் சும்மா விடமாட்டார்கள். இயற்கைக்கு அந்தப் பயம் இல்லை.

கஞ்சா எண்ணெய்க்காரர்கள் அதிகம் காட்டும் ஆராய்ச்சி 2003-இல் ஸ்பெயினிலிருந்து வந்தது. தோல் புற்று அணுக்களைச் சுண்டெலிகளுக்கு ஊசி போட்டு, வந்த கட்டியில் இந்தப் பூட்டுகளைத் திறக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். கட்டி வெகுவாக ஒடுங்கியது. அதற்கு இரத்தம் கொண்டு வரும் குழாய்களும் ஒடுங்கின. பொய் அல்ல, நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் இதில் ஒரு விவரம் இருக்கிறது. விளம்பரத்தில் இது வராது. அந்தச் சுண்டெலிகள் 'மொட்டை எலி' என்ற ஜாதி. அவற்றுக்கு மயிரும் இல்லை, 'டி' அணுக்கள் என்ற முக்கியமான காவலர்களும் இல்லை. பிறவியிலேயே படை இல்லாத ராஜ்யத்தில் நடந்த யுத்தம் அது. மருந்து நேராகத் திருடனை அடித்தது. ஆனால் காவலர்கள் இருந்திருந்தால் அவர்களை அது என்ன செய்திருக்கும்? அந்தச் சோதனை இதற்குப் பதில் சொல்லாது.

பதில் வேறோர் இடத்தில் இருந்தது. கலிபோர்னியாவில் 2000-இல் நுரையீரல் புற்றை வைத்து ஒரு சோதனை. முழுப் படையும் உள்ள எலிகளுக்கு டி.எச்.சி. கொடுத்தார்கள், புற்று வேகமாக வளர்ந்தது. படை இல்லாத எலிகளுக்குக் கொடுத்தார்கள், வித்தியாசம் இல்லை. இரண்டாவது பூட்டை அடைத்துவிட்டுக் கொடுத்தார்கள், கெடுதல் விலகியது. ஆக, கை தளர்ந்தது காவலர்களுக்குத்தான்.

2015-இல் ஜெர்மானியர்கள் மெலனோமாவுக்கே வந்தார்கள். முழுப் படையுள்ள எலிகளில் இரண்டு வகை மெலனோமாவை வளர்த்து டி.எச்.சி. கொடுத்தார்கள். ஒரு வகை ஒடுங்கியது. இன்னொரு வகை அசையவே இல்லை. ஒடுங்கிய வகையில் அழற்சி அணுக்கள் கட்டியைச் சூழ்ந்து நின்று அதற்கு உரம் போட்டுக்கொண்டிருந்தன, டி.எச்.சி. அவற்றை விலக்கியதால் கட்டி வாடியது என்று தெரிகிறது. காவலர்களிலும் திருடனுக்குச் சோறு போடுகிறவர்கள் உண்டு போலும்! எல்லாக் காவலர்களும் ஒரே குணம் என்று எண்ணிக்கொண்டிருந்ததுதான் முந்தைய குழப்பங்களில் பாதிக்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இதெல்லாம் எலிக் கதை. மனிதர் கதை இதற்குள் வேறு பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. ஜெருசலத்தில் ஆனந்தமைடு கிடைத்த அதே 1992-இல் ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் தசுகு ஹோஞ்சோ என்பவரின் கூட்டத்தார் 'டி' அணுக்களின் மேல் ஒரு தடைக்கட்டையைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆலிசன் இன்னொரு தடைக்கட்டையின் பயனைக் காட்டினார். புற்று அணுக்கள் தந்திரமாக இந்தக் கட்டைகளை அழுத்திக் காவலர்களை நிறுத்தி வைக்கின்றன. கட்டையை எடுத்துவிட்டால் காவலர்களே புற்றை அழிப்பார்கள். 2011-இலும் 2014-இலும் இந்த வகை மருந்துகள் முதன் முதலில் மெலனோமா நோயாளிகளுக்குத்தான் வந்தன. அதுவரையில் மெலனோமா பரவிவிட்டதென்றால் பெரும்பாலோருக்கு ஒரு வருஷம்கூடத் தவணை கிடையாது. 2018-இல் இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

மார்லி பூங்காவில் விழுந்த அன்று அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர் ஜிம்மி கார்ட்டர். 2015 ஆகஸ்டில், தொண்ணூறு வயதில், அதே மெலனோமா அவருக்கு ஈரலிலும் மூளையிலும் பரவியிருப்பதாகப் பத்திரிகைக்காரர்களிடம் தாமே சிரித்த முகத்தோடு சொன்னார். ஆபரேஷன், கிரண சிகிச்சை, அதோடு இந்தத் தடைக்கட்டை மருந்து. டிசம்பரில் மூளையில் புற்றைக் காணோம் என்று தெரிவித்தார். அதற்கப்புறமும் ஒன்பது வருஷம் இருந்து 2024 டிசம்பரில், நூறு வயதைப் பூர்த்தி செய்துவிட்டுத்தான் போனார். முப்பத்தாறு வயதுக்காரருக்கும் தொண்ணூறு வயதுக்காரருக்கும் நடுவில் இருந்தது முப்பத்து நாலு வருஷ ஆராய்ச்சி.

இப்போது இரண்டு பாதையும் சந்திக்கின்றன. ஒரு மருந்து காவலர்களின் தடையை நீக்குகிறது. அந்த நோயாளியே குமட்டலுக்காகவும் வலிக்காகவும் தூக்கத்துக்காகவும் கஞ்சா எடுத்துக்கொண்டால், அது வேறொரு தடையைப் போடுகிறதா? இஸ்ரேலில் கஞ்சாவை வைத்தியர் சீட்டின் பேரில் கொடுக்கலாம். ஆகையால் கேள்வியும் அங்கேதான் எழுந்தது. ஹைபா நகரத்து ரம்பம் ஆஸ்பத்திரியில் மெலனோமாவும் வேறு புற்றுகளும் உள்ள, இந்த வகை மருந்து பெற்ற 140 பேரின் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். கஞ்சா எடுக்காதவர்களில் 37.5 சதவிகிதம் பேருக்குக் கட்டி சுருங்கியிருந்தது, எடுத்தவர்களில் 15.9 சதவிகிதம் பேருக்குத்தான். 2019-இல் இது வெளியாயிற்று. உயிரோடு இருந்த காலத்தில் இரு சாராருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் அவர்களே எழுதினார்கள். மறு வருஷம் இன்னொரு கூட்டத்தாரைக் கவனித்தபோது, கஞ்சா எடுத்தவர்களுக்கு நோய் சீக்கிரம் முற்றியது என்று கண்டார்கள். 2022-இல் சீன ஆராய்ச்சியாளர்கள், இரண்டாவது பூட்டு 'டி' அணுவுக்குள் எந்த வழியாகக் கட்டளை அனுப்பி அதைச் சோர வைக்கிறது என்பதையும் விளக்கினார்கள்.

அதோடு தீர்ப்பாகிவிட்டதா என்றால், இல்லை. கஞ்சா கேட்டு வாங்குகிறவர் யார்? அதிகம் வாடியவர், அதிகம் வலியுள்ளவர். அவருக்கு மருந்து பலிக்காமல் போனால் குற்றம் கஞ்சாவினுடையதா, முற்றிய நோயினுடையதா? டெல் அவீவில் நுரையீரல் புற்றுக்காரர்களைப் பார்த்த இன்னொரு குழுவினருக்குக் கஞ்சாவால் கெடுதல் எதுவும் தென்படவில்லை. 2024-இல் அமெரிக்காவில் சிலர் ஹைபாக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, அதில் பிழைகள் இருக்கின்றன என்று வெளியிட்டார்கள். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொடுத்து மறு பாதிக்குக் கொடுக்காமல் பார்த்தால்தான் உண்மை தெரியும். தூக்கம் வராமல் துடிக்கிறவரிடம் போய், "உமக்குச் சீட்டு விழவில்லை" என்று சொல்வது எளிதான காரியமா?

அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர் சங்கம் 2024-இல் தன் அங்கத்தினர்களுக்கு வழிகாட்டிக் குறிப்பு ஒன்று அனுப்பியது. மற்ற மருந்துக்கு அடங்காத குமட்டலுக்குக் கஞ்சாச் சார மருந்துகளைக் கொடுத்துப் பார்க்கலாம். புற்றை அழிக்கும் மருந்தாக, ஆராய்ச்சிக்கு வெளியே, கொடுக்க வேண்டாம் என்பது அதன் சாரம். கஞ்சா எடுத்துக்கொள்கிறீர்களா என்று நோயாளியை முகம் சுளிக்காமல் கேளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறது. எண்ணெயைப் பற்றி என்னிடம் கேட்ட அந்த நண்பருக்கு, நீங்கள் வாங்கப் போவதை உங்கள் வைத்தியரிடம் முதலில் சொல்லிவிடுங்கள், மறைத்து மட்டும் கொடுக்காதீர்கள் என்று எழுதினேன். அவர் வைத்தியரிடம் சொன்னார் என்று பதில் வந்தது.

மெக்கூலம் 2023 மார்ச்சில், தொண்ணூற்றிரண்டாம் வயதில் ஜெருசலத்தில் காலமானார். கடைசி வரையில் அவர் பேட்டிக்கு வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்த குறை ஒன்றுதான்: எலிகளில் இவ்வளவு பார்த்துவிட்டோம், மனிதர்களிடம் ஒழுங்கான சோதனை ஏன் இன்னும் செய்யவில்லை?